பாண்டி வேஷம்

ஜூலை 21, சனி

விடாத மழை. அடுக்களை ஓட்டில் ஒழுக்கு, கீழே வாளி. வேட்டி ஒன்றுகூடக் காயவில்லை.

காலையில் பேட்டைக்கு, நாடகக் கம்பெனி முதலாளி குட்டன் பிள்ளை வீட்டுக்கு. இந்த சீசனுக்கான புது நாடகம். குட்டன் பிள்ளை என்னை உட்கார்த்தி வைத்துக் கதையைச் சொன்னார். பாதிக் கதையிலேயே எனக்கு எது என்று தெரிந்துவிட்டது. கல்யாணத் தரகர், தமிழர், நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் "அய்யய்யோ". போன வருஷம் வட்டிக்காரன். அதற்கு முன்னால் சமையல்காரப் பட்டர். அதற்கும் முன்னால் கைரேகைக்காரன். வேஷம்தான் வேறு, ஆள் ஒருவன்தான். மலையாள நாடகங்களில் சிரிப்புக்கு ஒரு பாண்டி, அதாவது தமிழன், வேண்டும். அந்தப் பாண்டி நான். கோயில் மைதானத்தில் நான் நடந்து வருவதைப் பார்த்தே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நோட்டீசிலும் "பாண்டி தாணு" என்றுதான் அச்சடிக்கிறார்கள். தாணுலிங்கம் என்ற பெயரோ, எம்.ஏ. படித்ததோ எந்த நோட்டீசிலும் வந்ததில்லை.

ஜட்ஜி வேஷம் கேட்டேன். நாடகமே அதில்தான் நிற்கிறது. கு.பி. கண்ணாடியைக் கழற்றி முண்டின் முனையில் துடைத்தார். இல்லை என்று சொல்வதற்கு முன்னால் எப்போதும் செய்கிற காரியம்.

"சாரே, ஊணு கழிச்சோ?"

சாப்பிட்டாயிற்று என்றேன்.

"ஜட்ஜி கொல்லத்துக்காரனுக்குக் கொடுத்துப் போயி. சார் ஜட்ஜியாயிட்டு வந்நு நின்னா ஆளுகள் சிரிக்கும். அது சாரிண்டெ குற்றமல்லா."

குற்றமில்லையாம். தண்டனை மட்டும் எனக்கு. ஜட்ஜி, எப்போதும் போல, கதாநாயகன் வேஷம் கட்டுகிற கொல்லத்துக்காரனுக்கு.

சிங்கம் ஒண்ணாம் தேதி, நம் ஆவணி ஒன்று, ஒத்திகைக் கேம்ப் தொடக்கம். அதற்குள் பதில் சொல்லவேண்டும். முடியாது என்றால் ஆற்றிங்கலில் ஓர் ஆள் இருக்கிறானாம், பாண்டி வேஷம் பிரமாதமாகச் செய்வானாம். மலையாளி.

தமிழ்ச் சங்க ஆண்டு விழா ஆகஸ்ட் 12. தனி ஆளாக ஒரு நாடகம் செய்கிறேன் என்று போன மாதமே வாயை விட்டிருந்தேன். இனி செய்தே தீரவேண்டும். மேடையில் ஒரு நாற்காலி. வேறு ஒன்றும் இல்லை. அதில் வந்து உட்காருகிறவர்கள்:

பேராசிரியர் – உம்முடைய நாக்குக்கு மேடை ஆகாது என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னவர்.
அண்ணன் – எல்லை பிரிந்து நாகர்கோவில் தமிழ்ப் பக்கம் போனபோது வீட்டோடு அந்தப் பக்கமே இருந்துகொண்டவன்.
கொல்லத்துக்காரன்.
குட்டன் பிள்ளை.
கடைசியில் நான். வேஷம் இல்லாமல், என் தமிழில்.

இது நின்றுவிட்டால் நாகர்கோவில், திருநெல்வேலி, மதராஸ் என்று போகலாம். கேம்புக்குப் போகவேண்டாம். பாண்டியை ஆற்றிங்கல்காரனே வைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 24, செவ்வாய்

மழை குறைவு. சாலைக்கடையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடி. மத்தியானத்தில் பூட்டிக் கிடக்கிறது. நடத்துகிறவரின் மனைவியும் என் மனைவி கமலமும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். அந்த வழியில் ஒத்திகைக்குச் சாவி கிடைத்தது. மெஷின்கள் எல்லாம் கறுப்பு உறை போட்டுக்கொண்டு வரிசையாக. சபை என்று வைத்துக்கொண்டேன். கைதட்டாத சபை. எழுந்து போகவும் போகாது.

பேராசிரியர் சுலபமாக வந்துவிட்டார். மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டால் போதும், குரல் தானாக வருகிறது. அண்ணனுக்குப் பேச்சே கிடையாது. முகட்டைப் பார்த்துக்கொண்டு "ஒனக்குத்தான் படிப்பு இருக்கே" என்கிற ஒரே வசனம். கொல்லத்துக்காரனைச் செய்யும்போது எனக்கே சிரிப்பு. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, வராத ரசிகைகளுக்காக ஓரப் பார்வை.

நான் வருகிற இடம் மட்டும் வரவில்லை. எழுதியதை ஒப்பிக்கிறேன், அவ்வளவுதான். முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

வாங்க வேண்டியது: சோப்பு, கொசுவத்தி, இருமல் மருந்து.

கீழே இறங்கியதும் கடை வாசலில் ஒருத்தர் மனைவியிடம், "தே, நம்மட பாண்டி." கையை நீட்டி வேறு காட்டினார்.

ஜூலை 26, வியாழன்

கமலம் எழுதியதை வாசித்தாள். பரீட்சைத் தாள் திருத்துவது போல, கையில் பென்சிலோடு.

"எல்லாரும் ஒங்களக் கெடுத்தவங்க. சரி. நீங்க என்ன செஞ்சியன்னு ஒரு வரி இல்லியே?"

"நான் என்ன செய்தேன்? மற்றவர்கள்தான் என்னை இப்படி ஆக்கினார்கள்."

"கேக்கவங்களுக்கு அப்பிடித் தோணாது. இந்த மனுசன் ஆயுசு பூரா குத்தம் சொல்லிட்டே இருந்திருக்காருன்னுதான் தோணும்."

புட்டும் பயறும் இருந்தது. தின்றேன்.

அவளுக்கு நாடகம் தெரியாது. கல்யாணம் ஆன புதிதில் இரண்டு பார்த்திருப்பாள். இரண்டாவதில் நான் மேடையில் இருக்கும்போதே எழுந்து போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 28, சனி

கிழக்கேகோட்டை. ஹோட்டலில் சங்கத்துச் செயலாளர் சேதுராமன். நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது, எடுத்துக் காட்டினார். "புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் பாண்டி தாணு வழங்கும் தனி நடிப்பு."

"இது என்ன சார்?" என்றேன்.

"பேர் தெரிஞ்சாத்தானே ஜனம் வரும்? தாணுலிங்கம் எம்.ஏ.ன்னு போட்டா ஏதோ சமயப் பிரசங்கம்னு நெனச்சுண்டு ஆத்துலயே இருந்துடுவா."

"சிரிக்கிறதுக்கு இதில் அதிகம் கிடையாது."

"அதெல்லாம் தன்னால வரும் கேட்டேளா. நீங்க மேடையில ஏறினாப் போரும்."

மாற்றி அச்சடிக்கச் சொன்னேன். இனிமேல் முடியாதாக்கும் என்றார். காப்பியை ஆற்றி என் பக்கம் தள்ளினார். நல்ல மனிதர். எனக்குக் கெடுதல் எல்லாம் நல்ல மனிதர்களால்தான் வந்திருக்கிறது.

வரும்போது செருப்பு வார் அறுந்தது. பழவங்காடி வரை வெறுங்கால்.

ஜூலை 31, செவ்வாய்

கமலத்தின் பள்ளிக்கூடத்திலிருந்து டேப் ரிக்கார்டர். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிரம் பத்திரம் சொல்லிக் கொடுத்தாளாம். மாடியில் வைத்து, "நான்" வருகிற பகுதியைப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டேன்.

பாண்டி.

நான் என்று நினைத்துப் பேசியது முழுக்க அவன். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியும் மேலே போய் ஆடுகிறது. "படிச்சேஏன்." "வந்தேஏன்." அம்மா செத்த செய்தியைச் சொல்கிற இடத்தில்கூட ஓர் இழுப்பு. இரண்டாம் தடவை, கவனமாக. அதே இழுப்பு. மூன்றாம் தடவை இழுக்காமல் பேசினேன். வானொலியில் மண்டி நிலவரம் வாசிப்பது போல இருந்தது.

மலையாளிகளுக்குச் சிரிப்பு வரட்டும் என்று கோணலாக்கிக் கொடுத்த தமிழ். எத்தனை வருஷம். கோணல் தங்கிவிட்டது, நேர் எங்கே போயிற்று தெரியவில்லை.

வீட்டில் கமலத்துக்குப் போட்டுக் காட்டினேன். உற்றுக் கேட்டாள். "வீட்ல நீங்க இப்பிடிப் பேசமாட்டியளே."

"வீட்டில் எப்படிப் பேசுகிறேன்?"

"சாதாரணமாத்தான்."

அந்தச் சாதாரணம் எப்படி என்று சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. நான் பேசிக் காட்டினேன். "இது இல்ல," என்றாள். பிறகு அவள் எதிரில் வாயைத் திறப்பதே கஷ்டமாகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்பதைச் சைகையில் கேட்டேன்.

ஆகஸ்ட் 2, வியாழன்

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட். நாகர்கோவில் வண்டி நிற்கிற இடத்தில், சிமெண்டு பெஞ்சில், எங்கேயோ போகிறவன் போல உட்கார்ந்திருந்தேன். தமிழ் கேட்பதற்காக. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

கேட்டவை:

"ஏட்டி, பைய மடியில வை. கீழ வச்சா நனையும்."

"மைனி வீட்டுக்குப் போனா சோறு போடுவாளா?" "போடுவா. சொல்லிக் காட்டிக்கிட்டே போடுவா."

"அவன் சொன்னதுலயும் ஞாயம் உண்டு. ஆனா அத அவன் சொல்லப்பிடாது."

மழைக்கு ஒதுங்கி நின்ற கட்டட வேலைக்காரர்கள். ஒருவன் இன்னொருவனிடம், "சாவு வீட்டுக்குப் போறோம், சட்டய மாத்தாண்டாமாடே?" மெதுவாகத்தான் சொன்னான். ஒருவரும் எதையும் மேலே தூக்கவில்லை. வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. நல்ல மாடு படுப்பது போல.

பால் விடாத கட்டஞ்சாயா இரண்டு. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு கரமனை வரை நடந்தேன். எதிரில் வந்த ஒருத்தி ஒதுங்கிப் போனாள்.

ஆகஸ்ட் 4, சனி

கு.பி. பகுதி தமிழில் செத்துக் கிடந்தது. இன்று அதை மலையாளத்தில் செய்தேன், அவர் பேசுகிற மாதிரியே. உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி துடைப்பது, ஊணு கழிச்சோ, எல்லாம். எழுதாத வசனங்கள்கூட வந்தன. "சாரே, ஞான் ஆரெ நோக்கணும்? ஜனத்தெயோ, சாரெயோ?" இதை நான் எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயில் வந்தது.

கமலம் வந்திருந்தாள், சாவி வாங்க. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும்:

"இந்த ஆளு பாவம் போல இருக்காரு."

"யார் பாவம்? இவனா?"

"ஆமா. ஜனத்துக்குப் பயந்து சாகுதாரு. ஒங்களுக்கு வேசம் கொடுக்க ஆசைதான், தைரியம் இல்ல. அப்பிடித்தான் தெரியுது."

எனக்கு வந்த கோபம். கழுத்தைப் பிடித்து சபையின் முன்னால் நிறுத்துவதற்காகக் கொண்டுவந்த ஆள். நானே அவனுக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறேன். மோசமாகச் செய்தால்தான் மோசமானவனாகத் தெரிவான். மோசமாகச் செய்ய எனக்கு வராது. தொழில் அப்படி.

விட்டுவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 8, புதன்

காலையில் வெயில், பத்து மணிக்கு மேல் மறுபடி மழை.

சேதுராமன் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "தமிழ்ச் சங்க மேடையில மலையாளமா? கமிட்டியில கேள்வி வரும் கேட்டேளா."

"கமிட்டிக்காரர்கள் வீட்டில் பிள்ளைகள் எந்த பாஷையில் சண்டை போடுகின்றன?"

சிரித்துவிட்டார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

சாயங்காலம் சாலைக்கடையில் கு.பி. மல்லியும் மிளகாயும் வாங்கிக்கொண்டிருந்தார். கேம்பில் சமையலுக்கு. "எந்தா சாரே, பிணக்கமாணோ?" கோபம் ஒன்றுமில்லை என்றேன். "சங்கத்தில் சார் தனியே எந்தோ செய்யுந்நுண்டல்லோ. ஞானும் வரட்டே?"

வரக்கூடாது என்று எப்படிச் சொல்வது? வாருங்கள் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போனார். போகிறபோது, "சிங்கம் ஒண்ணு. மறக்கண்டா."

அவரை அவர் முன்னாலேயே செய்யவேண்டும். செய்கிறேன். அதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது, எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, சனி

தொண்டையில் கரகரப்பு. கமலம் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் காப்பி. "பேசாம இருங்க," என்றாள். பேசாமல் இருந்தேன். மாடிக்குப் போகவில்லை.

மத்தியானம் அவளிடம் சோறு கேட்டபோது, கேட்ட விதம் காதில் விழுந்தது. அதுதான். இழுப்பு இல்லை. கீழே இறங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பகுதி முழுவதும் தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தேன். வந்துவிட்டது. கமலம் கறிச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "ஆங், இதுதான்," என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

வேட்டி சட்டை இஸ்திரி ஆயிற்று. மழை எப்படியோ போகட்டும்.

ஆகஸ்ட் 13, திங்கள்

எழுதாமல் விடலாம். எழுதிவிடுகிறேன்.

ஹால் நிறைந்த கூட்டம். பிள்ளைகள் நடனம், ஆண்டறிக்கை, பொன்னாடைகள். பிறகு நான். கு.பி. மூன்றாவது வரிசை ஓரத்தில். கமலம் பெண்கள் பக்கம்.

பேராசிரியர், அண்ணன், கொல்லத்துக்காரன். மூன்று பேருக்கும் நல்ல சிரிப்பு, சரியான இடத்தில் சிரிப்பு. கு.பி. பகுதி தொடங்கியதும் மலையாளம் கேட்டு யாரோ முணுமுணுத்தார்கள், அப்புறம் அடங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு சத்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு சபை எனக்காகப் பேசாமல் இருந்தது நேற்றுத்தான். அவர் பக்கம் பார்க்கவில்லை நான்.

பிறகு எழுந்து, நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, முன்னால் வந்து நின்றேன்.

"நான் தாணுலிங்கம். நாகர்கோவில் வடசேரிக்காரன்."

சிரித்தார்கள். முதலில் இரண்டு மூன்று பேர்.

"எம்.ஏ. படித்தவன்."

ஹால் முழுக்க.

குரல் சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை வந்த குரலேதான். அதைப் பாண்டியின் புது வித்தை என்று எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தினேன். அடங்கட்டும் என்று நின்றேன். நின்றதற்கும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "பாண்டி பயந்து போயிட்டான்."

அப்போது செய்தேன். வேட்டி முனையைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலை மடக்கி, கழுத்தை நீட்டினேன். கையும் காலும் என்னைக் கேட்காமல் செய்தன என்று எழுதினால் பொய். கேட்டன. செய் என்றேன். சிரிப்புச் சத்தம் கேட்டால் என்னால் சும்மா நிற்கமுடியாது. மீதி முழுவதும் பாண்டிக் குரலில். படிஇச்சேஏன், வந்தேஏன். அம்மா செத்த இடம், அதுவும் அப்படியே. முன்வரிசையில் ஒரு மாமிக்குச் சிரித்துப் புரை ஏறித் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

நெடுநேரம் கைதட்டல்.

சேதுராமன் மேடைக்குப் பின்னால் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னேனோல்லியோ, தன்னால வரும்னு." தீபாவளிக்கு மறுபடியும் வைத்துக்கொள்ளலாமாம். அந்த மலையாளப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டால் நன்றாக இருக்குமாம்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, கமலம் செருப்பைக் கழற்றும்போது, "அம்மை செத்த எடத்துல..." என்று தொடங்கினாள். பிறகு, "சாப்பிட வாங்க."

ஆகஸ்ட் 14, செவ்வாய்

படுக்கையிலேயே. காய்ச்சல் இல்லை. பால்காரர் கமலத்திடம், "சாரிண்டெ பரிபாடி உக்ரன் ஆயிருந்நு என்னு கேட்டல்லோ." நிகழ்ச்சி பிரமாதமாம், ஊர் முழுக்கப் போய்விட்டது.

ஆகஸ்ட் 15, புதன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டுக் கமலம் சீக்கிரம் வந்துவிட்டாள். பத்து மணி இருக்கும், கு.பி. வந்தார். இந்த வீட்டுக்கு முதல் தடவை. குடையை வெளியே சாத்திவிட்டு, உட்காரச் சொல்லும் வரை நின்றார்.

"சார் என்னெச் செய்தது கொள்ளாம். எண்டெ பார்ய கண்டா கரயும்." அவரைச் செய்தது நன்றாக இருந்ததாம், மனைவி பார்த்தால் அழுவாளாம். "பட்சே கடைசி... அது எந்தினா சாரே? ஞான் சிரிச்சில்லா."

"எல்லோரும் சிரித்தார்கள். இருபது வருஷமாக நீர் கேட்டது அதுதானே?"

"ஞான் கேக்கும். எனக்கு வேணும். சார் எந்தினு கொடுக்குந்நது?"

நான் கேட்பேன், நீர் ஏன் கொடுக்கிறீர். திருடன் வீட்டுக்காரனிடம் ஏன் பூட்டவில்லை என்று விசாரிக்கிற நியாயம். சொல்ல வாயெடுத்தேன். கமலம் டீ கொண்டுவந்து வைத்தாள்.

ஜட்ஜி வேஷத்தை மறுபடி கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார். கொடுத்தது கொடுத்ததுதான். ஆற்றிங்கல்காரனுக்கு இன்னும் ஆள் அனுப்பவில்லையாம்.

வருகிறேன் என்றேன்.

அவர் போன பிறகு கமலம் வாசலிலேயே நின்றாள். "பின்ன எதுக்கு இவ்வளவு பாடுபட்டிய?" மதராசுக்குக் கொண்டுபோக என்னிடம் என்ன இருக்கிறது? நான்கு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆளைக் காணோம்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

சிங்கம் ஒண்ணு. வெயில், புழுக்கம். கேம்ப் தொடங்கிவிட்டது, முதலாளி வீட்டு மாடியில். விளக்கு வைத்து, தேங்காய் உடைத்து, அவலும் பழமும். எல்லோரும் பாயில் வட்டமாக. கொல்லத்துக்காரன் புதுச் சட்டை. ஜட்ஜி என்பதால் இப்போதே யாரோடும் பேசுவதில்லை.

முதல் வாசிப்பு. தரகர் வருகிற இடம் "அய்யய்யோ" என்று தொடங்குகிறது. அதை விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து வாசித்தேன். பெண் வீட்டில் வந்து உட்கார்ந்த மனிதன் பேசுவது போல, அவசரம் இல்லாமல். யாரும் சிரிக்கவில்லை. கொல்லத்துக்காரன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான், நாடகம் மாறிவிட்டதோ என்று.

"சாரே, ஒண்ணுகூட," என்றார் கு.பி. இன்னொரு தடவை வேண்டுமாம்.

மறுபடி அதே மாதிரி வாசித்தேன்.

"தொண்டைக்கு சுகமில்லயோ?"

"தொண்டைக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் தரகர்கள் இப்படித்தான் பேசுவார்கள்."

யாரோ கனைத்தார்கள். கு.பி. பென்சிலால் தாளின் ஓரத்தில் ஏதோ போட்டார், என்ன என்று தெரியவில்லை. "ம். மேலே," என்றார் அடுத்த ஆளிடம்.

நாளை இரண்டாம் காட்சி. அதில் எனக்கு வசனம் இல்லை. எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி, பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் மல்லாந்து விழவேண்டும். எங்கள் ஊரில் ஒரு தரகர் விழுந்து நான் பார்த்ததில்லை.